பென்டாக்ஸ் 645 மவுண்ட்: இன்னும் காத்திருப்பதா, இடம் மாறுவதா?

மலைமுகடு

வணக்கம் நண்பர்களே. நெடுநாளாக மனதை அரிக்கும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

என்னிடம் பென்டாக்ஸ் 645இசட் இருக்கிறது; சாதாரணக் கேமராக்களைவிடப் பெரிய சென்சார் கொண்ட மீடியம் ஃபார்மட் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. கூடவே எஃப்ஏ 45-85, எஃப்ஏ 120 மேக்ரோ, எஃப்ஏ 200, டிஎஃப்ஏ 55 லென்ஸ்கள். எல்லாம் 645 மவுண்ட், அதாவது இந்தக் கேமராவின் லென்ஸ் மாட்டும் வாய்க்கானவை. எடுப்பதெல்லாம் நிலக்காட்சிதான், ட்ரைபாட் இல்லாமல் இந்தக் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. அகலக் கோணத்தில் ஒரு நல்ல லென்ஸ் இல்லாத குறை ரொம்ப நாளாக இருக்கிறது. இப்போது 28-45 ஜூம் ஒன்று செகண்ட் ஹேண்டில் கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கக் கை நீள்கிறது, மனம் இழுத்துப் பிடிக்கிறது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். 645இசட் அறிவிக்கப்பட்டது 2014 ஏப்ரலில். பத்தாண்டு தாண்டிவிட்டது. அடுத்த கேமரா பாடி வரும் என்றோ வராது என்றோ பென்டாக்ஸின் உரிமையாளரான ரிகோ தெளிவாக ஒரு வார்த்தை சொன்னபாடில்லை. வராது என்று சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.

படங்களில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 51 மெகாபிக்சல் எனக்குப் போதும். அந்த நிழல் பகுதிகளிலிருந்து இன்றைக்கும் விவரம் வருகிறது. ஆனால் லென்ஸ் வாங்குவது என்றால் அடுத்த பத்து வருடத்தை நினைத்துத்தானே வாங்குகிறோம்? இந்த அமைப்பில் இன்னும் பணம் போடலாமா, அல்லது இருப்பதை விற்று ஃபூஜியின் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) மீடியம் ஃபார்மட் வரிசையான ஜிஎஃப்எக்ஸ் பக்கம் போய்விடலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகண்ணாடி

தம்பி, தயங்காம வாங்குங்க.

அந்த 28-45 இந்த மவுண்ட்டுக்கு வந்த லென்ஸ்கள்லயே தனி ரகம். கனம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா ட்ரைபாட்ல வெச்சு எடுக்கறவருக்குக் கனம் ஒரு விஷயமா? மூலைக்கு மூலை கூர்மை. வெயிலுக்கு எதிரா திருப்பினாலும் கான்ட்ராஸ்ட் விழாது. நிலக்காட்சிக்காகவே செஞ்ச மாதிரி ஒரு லென்ஸ்.

புது பாடி வரலேன்னா உங்க பாடி நாளைக்குக் காலைல படம் எடுக்காதா? நேத்து எடுத்த மாதிரியே எடுக்கும். 2014ல எந்த சென்சாரைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்துச்சோ, அதே சென்சார்தான் இப்பவும் உள்ள இருக்கு. அந்த வருஷம் அதே 50 மெகாபிக்சல் சோனி சென்சாரைப் போட்டு ஃபேஸ் ஒன் ஐக்யூ250 வந்துச்சு, ஹாஸல்பிளாட் எச்5டி-50சி வந்துச்சு. 645இசட் விலை அந்த ரெண்டோட விலையில மூணுல ஒரு பங்குகூட இல்ல. மழையில நனையலாம், குளிர்ல நிக்கலாம். அப்படி ஒரு கேமராவை வெச்சுக்கிட்டு ஏன் தம்பி கலங்கணும்?

---

பிக்சல்கணக்கு

பழையகண்ணாடி அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பாடி நாளைக்கும் படம் எடுக்கும், சரி. ஆனால் மலைமுகடு கேட்பது நாளையைப் பற்றியல்ல. பாடி என்றைக்காவது நின்றுவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் கேட்கிறார். அதற்கு ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

645 மவுண்ட்டில் லென்ஸின் பின்விளிம்புக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 70.87 மி.மீ. ஜிஎஃப்எக்ஸில் 26.7 மி.மீ. நடுவே 44 மி.மீ. மிச்சம். அந்த இடத்தில் வெறும் உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்தினாலே 645 லென்ஸ் ஜிஎஃப்எக்ஸில் முடிவிலி வரை ஃபோகஸ் ஆகும். மின்சாரமே வேண்டாம். ஆனால் அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, திறந்து மூட லென்ஸிலேயே வளையம் இருக்க வேண்டும்.

பழைய ஏ வரிசை, எஃப்ஏ வரிசை லென்ஸ்களில் வளையம் உண்டு. உங்கள் 45-85, 120, 200 மூன்றும் அப்படிப்பட்டவை. 28-45ல் வளையம் இல்லை. 90 மேக்ரோவிலும் இல்லை. பாடி சொன்னால்தான் அவற்றின் இதழ்கள் அசையும். அவற்றில் உள்ள குலுக்கல் தடுப்புக்கும் மின்சாரம் பாடியிலிருந்தே வர வேண்டும்.

இன்னொன்று. எஃப்ஏ லென்ஸ்கள் 645 ஃபிலிமுக்காக, அதாவது 56 x 41.5 மி.மீ. சட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் சென்சார் 43.8 x 32.8. லென்ஸ் விழவைக்கும் பிம்ப வட்டத்தில் தாராளமாக இடம் மிச்சம் இருப்பதால், ஷிஃப்ட் அடாப்டர் போட்டால் அந்த லென்ஸ்களை நகர்த்தியும் எடுக்கலாம். 28-45 டிஏ வகை. அதன் வட்டம் நம் சென்சாருக்கு மட்டுமே அளவெடுத்தது. ஃபிலிம் பாடியில்கூட முழுச் சட்டத்தையும் நிரப்பாது.

ஆக, அந்த மவுண்ட்டிலேயே மிக நல்ல லென்ஸ்தான் பாடியோடு மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் நிலையில் நான் இருந்தால் எஃப்ஏ 35 எஃப் 3.5 வாங்குவேன். கோணம் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த லென்ஸ் உங்களோடு எங்கே வேண்டுமானாலும் வரும்.

---

ஸ்டுடியோ_வெளிச்சம்

நான் இடம் மாறியவன், அதனால் சொல்கிறேன். 645இசட்டை விற்றுவிட்டு ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வாங்கினேன்.

என் வேலை மனிதர்களை எடுப்பது. 645இசட்டில் ஃபோகஸ் புள்ளிகள் 27, எல்லாம் சட்டத்தின் நடுவில் குவிந்து கிடக்கும். கண்ணில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி சட்டத்தைச் சரிசெய்தால், அகலத் திறப்பில் கண் நழுவிவிடும். 100எஸ்சில் சட்டத்தின் ஓரத்தில் கண் இருந்தாலும் பிடித்துக்கொள்கிறது. எனக்கு மாற இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

நிலக்காட்சி எடுப்பவருக்கு இது பெரிதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ரைபாடில் வைத்து எடுப்பவருக்கும் மிரர்லெஸ் தரும் சில வசதிகள் உண்டு. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே பத்து மடங்கு பெருக்கிப் பார்க்கலாம், ஹிஸ்டோகிராம் அங்கேயே தெரியும். கண்ணாடி அடிக்கும் அதிர்வு இல்லை.

ஃபிளாஷ் விஷயத்தில் மட்டும் யாரும் ஏமாற வேண்டாம். 645இசட் போலவே ஜிஎஃப்எக்ஸிலும் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 தான். வெயிலில் ஃபிளாஷ் அடித்து எடுக்க வேண்டும் என்றால் ஹாஸல்பிளாட் எக்ஸ் பக்கம் போங்கள். அங்கே ஒவ்வொரு லென்ஸிலும் லீஃப் ஷட்டர், 1/2000 வரையும் அதற்கு மேலும் போகும்.

---

நெடுநாள்வாசகர்

அடுத்த பாடி ஏன் வரவில்லை என்று கொஞ்சம் பேசலாம். நம்மில் பலர் ரிகோவின் மௌனத்துக்கு ஏதேதோ அர்த்தம் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய கதையைப் பாருங்கள். பென்டாக்ஸ் 645 ஃபிலிம் கேமரா வந்தது 1984ல். ஆட்டோஃபோகஸோடு 645என் 1997ல், 645என்2 2001ல். டிஜிட்டல் 645 என்று ஒரு மாதிரியை 2005லேயே காட்டிவிட்டார்கள். அதன் பிறகு சத்தமே இல்லை. நடுவில் ஹோயா பென்டாக்ஸை வாங்கியது. திட்டம் கைவிடப்பட்டது என்று எல்லோரும் நம்பிவிட்ட நேரத்தில், 2010ல் 40 மெகாபிக்சல் கோடாக் சிசிடியோடு (பழைய வகைச் சென்சார்) 645டி வந்தது. 2011 அக்டோபரில் கம்பெனி ரிகோ கைக்குப் போனது. 2014ல் இசட்.

அதனால்தான் பலர் இன்னும் நம்புகிறார்கள்: அப்போதும் மௌனமாகத்தானே இருந்தார்கள், பிறகு கொண்டுவரவில்லையா என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அன்றைய மௌனமும் இன்றைய மௌனமும் ஒன்றல்ல.

அன்று எதிரே இருந்தவர்கள் ஒரு வீட்டின் விலையில் டிஜிட்டல் பேக் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி) விற்றவர்கள். அவர்களுக்குக் கீழே ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது, 645டியும் இசட்டும் அங்கே போய் உட்கார்ந்தன. 2016 செப்டம்பரில் ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் அறிவித்தபோது அந்த வெற்றிடம் நிரம்பிவிட்டது. அதுவும் இசட் வெளிவந்த விலைக்குக் கீழே. 2019ல் 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100. 2021ல் அதே சென்சார் இன்னும் சின்ன உடலில், இன்னும் குறைந்த விலையில். 2023ல் 100 இரண்டாம் பதிப்பு, கூடவே டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்கள் இரண்டு. ஹாஸல்பிளாட் 2022ல் எக்ஸ்2டி. இத்தனை பேர் உட்கார்ந்துவிட்ட இடத்துக்கு ஒரு புது டிஎஸ்எல்ஆரோடு வருவதற்கு எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ரிகோவில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கின் விடை என்னவென்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

ரிகோ எங்கே உழைக்கிறது என்பதையும் பாருங்கள். 2016ல் ஃபுல் ஃபிரேம் கே-1. 2021ல் கே-3 மூன்றாம் பதிப்பு, 2023ல் அதன் கறுப்பு வெள்ளைப் பதிப்பு. 2024ல் பென்டாக்ஸ் 17, அது ஃபிலிம் கேமரா. நடுவே ஜிஆர் என்ற கையடக்கக் கேமரா. 2022 ஜனவரியில் பென்டாக்ஸ் இனி பட்டறை போல, சிறிய அளவில், நேரடியாக வாடிக்கையாளருக்குச் செய்து தரும் பாதையில் போகும் என்று ஜப்பானில் அறிவித்தார்கள். அந்தப் பாதையில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் 645இசட்டுக்குப் பின்னால் இன்னொன்று வரும் வாய்ப்பு தெரியவில்லை.

---

பிக்சல்கணக்கு

நெடுநாள்வாசகர் வியாபாரக் காரணத்தைச் சொல்லிவிட்டார். பொறியியல் காரணமும் ஒன்று உண்டு. அது இதைவிடக் கடினமானது என்பது என் எண்ணம்.

51 மெகாபிக்சலில் ஒரு பிக்சலின் அகலம் 5.3 மைக்ரான். 44 x 33 அளவில் 100 மெகாபிக்சல் என்றால் 3.76 மைக்ரான். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளக்கும் சென்சார் வேறு, படம் பிடிக்கும் சென்சார் வேறு. ஒளி இரண்டுக்கும் வெவ்வேறு பாதையில் போகிறது. அந்த இரண்டு பாதைகளின் நீளமும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிக்சல் சிறுத்தால், முன்பு கண்ணுக்குத் தெரியாத பிசகு இப்போது தெரியும். அவ்வளவு பெரிய கண்ணாடி மேலே போய் அடிக்கும் அதிர்வும் அப்படியே. மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் அளந்துவிடுகிறது. இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

சரி, பென்டாக்ஸும் மிரர்லெஸ் ஆகட்டுமே என்றால், புது மவுண்ட், புது லென்ஸ் வரிசை. எஃப்ஏ லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டாரே கிடையாது. பாடியிலிருந்து ஒரு திருகுத் தண்டு வந்து சுழற்றுகிறது. ஆக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபூஜிக்கு அந்தச் சுமை இருக்கவில்லை. மீடியம் ஃபார்மட் டிஜிட்டலில் சுமந்து வர வேண்டிய பழைய லென்ஸ் வரிசை அவர்களுக்கு இல்லை, அதனால் நேராக மிரர்லெஸ்ஸில் இறங்கினார்கள்.

---

பழையகண்ணாடி

நீங்க ரெண்டு பேரும் சொல்றது புரியுது. மறுக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது ஸ்க்ரீன் இல்ல. காலைல வெளிச்சம் மெல்ல ஏறி வரும்போது பாறை மேல நிறம் மாறுறதை அப்படியே, அந்த ஒளியையே கண்ணால பார்க்கறோம். பேட்டரி தீராது, கண்ணு எரியாது. மணிக்கணக்கா நின்னு பார்க்கலாம். எலக்ட்ரானிக் ஃபைண்டர்ல எல்லாத் தகவலும் இருக்கு, நானும் பார்த்திருக்கேன். எனக்கு அந்தத் தகவல் வேண்டாம், அந்த வெளிச்சம் வேணும்.

பாடியோட பக்கவாட்டுலயும் ட்ரைபாட் திருகு இருக்கு, கவனிச்சீங்களா? எல் பிராக்கெட் இல்லாம நேரா நிமிர்த்தி வைக்கலாம். ட்ரைபாட்ல வேலை செய்யறவங்களை மனசுல வெச்சு யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க. இந்த மாதிரி ஒரு கேமரா இனிமே வராதுன்னா, இருக்கறதை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல.

---

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நேரம் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா மட்டும்தான். மீடியம் ஃபார்மட்டை ஒரு முறையாவது தொட வேண்டும் என்று ஆசை. செகண்ட் ஹேண்ட் 645டி விலை இறங்கி வருகிறது. எதிர்காலமே இல்லாத அமைப்பு என்றால் என்னைப் போன்றவர் அதில் நுழைவது தப்பா? சிசிடி நிறம் தனி அழகு என்கிறார்களே, உண்மையா?

---

ஸ்டுடியோ_வெளிச்சம்

புதுவரவு, சிசிடி நிறத்தைப் பற்றி இங்கே தொடங்கினால் இழை வேறு பக்கம் போய்விடும். சுருக்கமாக: குறைந்த ஐஎஸ்ஓவில், நல்ல வெளிச்சத்தில் 645டி படங்கள் அழகானவைதான். அதில் பெரும்பங்கு கோடாக்கின் நிற வடிகட்டிக்கும் அதைக் கையாளும் ப்ரொஃபைலுக்கும் உரியது என்பது என் கருத்து. வெளிச்சம் குறைந்தால் இசட்டுக்கும் டிக்கும் பெரிய தூரம். லைவ் வியூவும் டியில் கிடையாது, ட்ரைபாடில் வேலை செய்பவருக்கு அந்தக் குறை கையைக் கட்டும்.

முடிந்தால் இசட்டாகப் பாருங்கள், கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை. நுழைவது தப்பே இல்லை. மலைமுகடு ஏற்கெனவே நிறையப் பணத்தை உள்ளே போட்டவர். நீங்கள் ஒரு பாடி, வளையம் உள்ள ஒரு எஃப்ஏ லென்ஸ் என்று நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு இழக்க அதிகமில்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

---

இருட்டறை

எதிர்காலம் இல்லாத அமைப்பு என்ற பேச்சு வந்ததால், ஏற்கெனவே முடிந்துபோன அமைப்புகள் என்ன ஆயின என்று பார்ப்போம்.

கான்டாக்ஸ் 645. 1999ல் வந்தது. கியோசெரா 2005ல் கேமராத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஆறே வருடம். ஆனால் அதன் ப்ளானர் 80 எஃப் 2 லென்ஸுக்காகத் திருமணப் புகைப்படக்காரர்கள் இன்றுவரை அந்தக் கேமராவை விடவில்லை. கான்டாக்ஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருப்பதால், பிறகு ஒரு சிறு நிறுவனம் ஜிஎஃப்எக்ஸில் அவற்றை ஆட்டோஃபோகஸோடு ஓட்ட அடாப்டர் செய்துவிட்டது. செய்த கம்பெனி கைவிட்ட லென்ஸ்களுக்கு வெளியாட்கள் உயிர் கொடுத்தார்கள்.

ஹாஸல்பிளாட் 500 வரிசை. 1957லிருந்து வரும் அதே அடிப்படை. பின்பக்கம் கழற்றி மாட்டும் வகை என்பதால், 2024ல் வந்த 100 மெகாபிக்சல் சிஎஃப்வி 100சி பேக்கை அறுபது வயது பாடியில் மாட்டலாம். சென்சார் கிழடானால் சென்சாரை மட்டும் மாற்றுகிறார்கள். லெய்காவின் எஸ் வரிசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2008ல் எஸ்2 என்று தொடங்கி எஸ்3யோடு நின்றது, அதன் வாரிசாக மிரர்லெஸ் ஒன்றைச் செய்வதாகச் சொன்னார்கள்.

645இசட்டும் லெய்கா எஸ் போல மூடிய பெட்டிதான். சென்சார், ஷட்டர், ப்ரிஸம் எல்லாம் ஒரே உடலுக்குள். மழை புகாது என்ற பலம் அதனால்தான் வந்தது, பாகம் பாகமாகப் புதுப்பிக்க முடியாது என்ற பலவீனமும் அதனால்தான். இதை வாங்கும்போதே நாம் ஏற்றுக்கொண்டோம்.

ஆகவே மலைமுகடு, ரிகோ என்ன செய்யப்போகிறது என்ற கேள்வியை ஒதுக்கி வையுங்கள். அது உங்கள் கையில் இல்லை. உங்கள் பெட்டியைத் திறந்து, எந்தப் பாகம் முதலில் சாகும், அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பேட்டரி: கவலை இல்லை. டி-எல்ஐ90 தான், கே-1க்கும் கே-3க்கும் போடுவது. அவை புழக்கத்தில் இருக்கும் வரை இதுவும் கிடைக்கும்.

ரா கோப்பு (சென்சார் பதியும் மூலத் தரவு): கவலையே இல்லை. கேமராவில் டிஎன்ஜி என்று வைத்துவிடுங்கள். வெளிப்படையான வடிவம், இதுவரை எந்தப் பெரிய மென்பொருளும் கைவிடாத ஒன்று. மற்ற நிறுவனங்களின் சொந்த வடிவங்களைவிட நம் கோப்புகள் பாதுகாப்பானவை.

ஷட்டர்: இங்கேதான் கவனம். ஒரு லட்சம் முறை என்று மதிப்பிடப்பட்டது. நிலக்காட்சி எடுப்பவர் அதைத் தொட நெடுங்காலம் ஆகும். ஆனால் வயதினாலும் பாகங்கள் கெடும். உற்பத்தி நின்றுபோன கேமராவுக்கு உதிரிப் பாகங்களைச் சில ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள், இது எல்லாக் கம்பெனிக்கும் பொது.

மெயின் போர்டு: இதுதான் என் பயம். வேறொரு நிறுவனத்தின் டிஜிட்டல் பேக் ஒன்று முன்பு என்னிடம் இருந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் உள்ளே பலகை போயிற்று, மாற்றப் பாகம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லென்ஸ்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை இன்றைக்கும் வேறு கேமராவில் பயன்படுத்துகிறேன், எல்லாமே வளையம் உள்ளவை.

---

நெடுநாள்வாசகர்

இருட்டறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பென்டாக்ஸின் சிறிய கேமராக்களுக்கான கே மவுண்ட் லென்ஸ்களைச் சோனி பாடியில் ஆட்டோஃபோகஸோடு ஓட்ட, உள்ளேயே மோட்டார் வைத்த அடாப்டர் ஒன்று வந்திருக்கிறது. திருகுத் தண்டை அடாப்டரே சுழற்றும். 645 லென்ஸ்களுக்கும் அதைச் செய்ய இயற்பியல் தடை இல்லை; 44 மி.மீ. இடம் இருக்கிறது, மோட்டாருக்குத் தாராளம். வாங்க ஆள் இருந்தால் யாராவது செய்வார்கள். நான் எதிர்பார்ப்பது அதைத்தான், ரிகோவிடமிருந்து ஒரு பாடியை அல்ல.

---

பழையகண்ணாடி

அப்படி ஒண்ணு வந்தா முதல் ஆளா வாங்குவேன்.

---

பிக்சல்கணக்கு

தெளிவு எவ்வளவு தேவை என்பதையும் பேசிவிடலாம். 645இசட் படம் 8256 x 6192 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் நீளம் சுமார் 70 செ.மீ. ஜிஎஃப்எக்ஸ் 100 வரிசையில் 11648 x 8736, அதாவது 98 செ.மீ. சொச்சம். மெகாபிக்சல் இரட்டிப்பு என்று கேட்கும்போது வரும் பிரமிப்பு அச்சில் வராது, நீளத்தில் நாற்பது சதவீதம்தான் கூடுகிறது. மலைமுகடு, ஒரு மீட்டர் அகலத்துக்கு அடிக்கடி அச்சிடுகிறீர்களா?

உண்மையில் 645இசட்டுக்கு நெருக்கடி கீழேயிருந்தும் வந்தது. 2019ல் சோனி ஏ7ஆர்4 ஃபுல் ஃபிரேமில் 61 மெகாபிக்சல் கொடுத்துவிட்டது. நம் சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமைப் போல 1.66 மடங்கு. அந்த வித்தியாசம் டோனில் தெரியும், நானும் அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். ஆனால் புதிதாக வாங்குபவரிடம் அதை விளக்கிப் புரியவைப்பது வருடா வருடம் கடினமாகிக்கொண்டே போகிறது.

---

மலைமுகடு

நண்பர்களே, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

பிக்சல்கணக்கு கேட்டதற்குப் பதில்: நான் அச்சிடுவதில் பெரியது 60 செ.மீ. எப்போதாவது ஒன்று அதைத் தாண்டும். அதனால் 100 மெகாபிக்சல் எனக்கு அவசரத் தேவை இல்லை. வேகமான ஆட்டோஃபோகஸும் வேண்டாம். எனக்கிருந்த ஒரே பயம், ஒருநாள் எல்லாம் சேர்ந்து பயனற்றுப் போய்விடுமோ என்பது. இப்போது பார்த்தால், இருக்கும் நான்கு லென்ஸில் மூன்று எங்கே வேண்டுமானாலும் போகும் என்று தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, உதிரிக்காக இன்னொரு 645இசட் பாடி வாங்கி வைப்பது புத்திசாலித்தனமா? இரண்டு, இப்போதே விற்றால் கிடைக்கும் விலை இனி கிடைக்காது என்கிறார்களே, அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

---

ஸ்டுடியோ_வெளிச்சம்

இரண்டாவதுக்கு முதலில் வருகிறேன். பாடி விலை இறங்கத்தான் செய்யும், ஒவ்வொரு புது ஜிஎஃப்எக்ஸும் பழைய ஜிஎஃப்எக்ஸின் விலையை இறக்கும், அது இசட்டையும் சேர்த்து இறக்கும். ஆனால் நீங்கள் அதை வாங்கியது விற்பதற்காக அல்ல. ஜிஎஃப்எக்ஸ் விலையும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இன்று மாறினால் இன்றைய விலையில் வாங்க வேண்டும், சில வருடம் கழித்து மாறினால் அன்று இறங்கிய விலையில் வாங்கலாம். உங்கள் இசட் இழப்பதை அது பெருமளவு சரிக்கட்டிவிடும். எனக்கு மாற வேலைதான் காரணமாக இருந்தது, விலை அல்ல. உங்களுக்கு அந்தக் காரணம் இல்லை.

---

இருட்டறை

உதிரி பாடி பற்றி: நான் வாங்க மாட்டேன். அலமாரியில் கிடக்கும் கேமராவும் முதுமை அடையும். கேபாசிட்டர், எண்ணெய், ரப்பர் எல்லாம் உபயோகிக்காமலே கெடும். அந்தப் பணத்தை அடுத்த பாடிக்கென்று ஒதுக்கி வையுங்கள், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. இசட் நின்றுபோகும் நாளில் அன்றைக்கு எது நல்லதோ அதை வாங்கி, உங்கள் எஃப்ஏ லென்ஸ்களை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

இருக்கும் பாடியை மட்டும் இப்போதே, உதிரிப் பாகம் கிடைக்கும்போதே, ஒரு முறை முழுதாகச் சரிபார்க்கக் கொடுத்துவிடுங்கள். ஷட்டர், கண்ணாடிப் பொறி, ரப்பர் வளையங்கள்.

---

பழையகண்ணாடி

இருட்டறை சொல்றதைக் கேளுங்க தம்பி. 28-45 பத்தி என் மனசு இன்னும் மாறல, அது அவ்வளவு நல்ல லென்ஸ். ஆனா உங்க கவலை என்னன்னு இப்பப் புரியுது. ராத்திரி தூங்க விடாத லென்ஸ் எவ்வளவு கூர்மையா இருந்தும் பிரயோஜனம் இல்ல. எஃப்ஏ 35 எடுத்துக்குங்க. எஃப் 11ல வெச்சுட்டா அதுவும் குறைவில்ல. நான் நிறைய எடுத்திருக்கேன் அதுல.

---

மலைமுகடு

முடிவு செய்துவிட்டேன். இசட்டை விற்கவில்லை. 28-45 வாங்கவில்லை. செகண்ட் ஹேண்டில் எஃப்ஏ 35 தேடுகிறேன், பாடியைச் சரிபார்க்க அனுப்புகிறேன். ஜிஎஃப்எக்ஸ் அடாப்டர் ஒன்றை இப்போதே வாங்கி, நண்பர் ஒருவரின் 100எஸ்சில் என் 120ஐயும் 200ஐயும் போட்டுப் பார்க்கப் போகிறேன். 3.76 மைக்ரானில் அவை எப்படி நிற்கின்றன என்று தெரிந்தால், பிற்காலத்தில் எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும்.

அடாப்டர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

---

பிக்சல்கணக்கு

மூன்று விஷயம். முடிவிலி சரியாக வருகிறதா என்று வாங்கிய அன்றே சோதியுங்கள்; சில அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகச் செய்வார்கள், அப்போது லென்ஸ் முடிவிலியைத் தாண்டிப் போகும், தூர அளவுகோலை நம்ப முடியாது. அடுத்து, உட்சுவர் மட்டமான கறுப்பாக, வரிவரியாக இருக்க வேண்டும். பிம்ப வட்டம் பெரியது என்பதால் சென்சாரில் விழாத ஒளி சுவரில் பட்டுத் தெறிக்கும், பளபளப்பான சுவர் இருந்தால் கான்ட்ராஸ்ட் போய்விடும். மூன்றாவது, 200ஐப் போடும்போது அடாப்டரிலேயே ட்ரைபாட் காலர் இருந்தால் மவுண்ட்டுக்குப் பாரம் குறையும்.

ஜிஎஃப்எக்ஸ் மெனுவில் லென்ஸ் இல்லாமல் எடுக்கும் அனுமதியை ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. படங்களை இங்கேயே போடுங்கள், 120ன் மூலைகளை நானும் பார்க்க வேண்டும்.